பலர் சேர்ந்து நடத்திய கல்லூரி: அதிபர் வில்லியம் மில்லரின் வாழ்க்கை

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்கு றெக்டர் தேர்தல் புதிய விஷயமல்ல. பேராசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் எல்லோரும் வாக்களித்து றெக்டரைத் தெரிவு செய்கிறார்கள். பல்கலைக்கழகத்தை ஆளும் சபையில் மாணவர் பிரதிநிதிகளுக்கும் ஆசனம் உண்டு. இதெல்லாம் ஆரம்பம் முதலே இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1811இல் நிறுவப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய நூறு வருடங்களாக றெக்டரே இருக்கவில்லை. பாறைகளை ஆராய்ந்த அறிஞர் வால்டெமார் புரொகர் 1907இல்தான் அதன் முதல் றெக்டராக வந்தார்.

அதே 1907ஆம் ஆண்டில், சென்னையில் 45 வருட காலம் உழைத்து முடித்த ஒரு ஸ்கொட்லாந்துப் போதகர் கப்பலேறித் தன் நாட்டுக்குத் திரும்பினார். ஒரு கல்லூரி யாருக்குச் சொந்தம், அதில் யார் தீர்மானம் எடுக்கவேண்டும் என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைக் கட்டி எழுப்பிய அதிபர், கலாநிதி வில்லியம் மில்லர் ஐயர். நம் பெரியவர்களில் சிலர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுவிழா மலரில் அவரை அறிமுகம் செய்து வைக்கலாம்.

மில்லர் 1838ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி பிறந்தார். ஊரின் பெயர் தேர்சோ. ஸ்கொட்லாந்தின் வடகோடியில் கெய்த்னஸ் என்ற மாகாணத்தில் இருக்கிறது. பிரித்தானியப் பெருநிலத்தில் அதைவிட வடக்கே வேறு பட்டணம் இல்லை. அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் நம் நோர்வேக்காரரின் முன்னோர். முற்காலத்தில் கெய்த்னஸ், ஓர்க்னித் தீவுகளை ஆண்ட பிரபுக்களின் கையில் இருந்தது. ஓர்க்னியோ 1468 வரை நோர்வே அரசருக்கு உட்பட்டிருந்தது. கெய்த்னஸ் என்ற பெயரின் கடைசியில் வரும் நெஸ், ஃபியோர்டுக்கு அக்கரையில் இருக்கும் நம் நெசொடனின் தொடக்கத்தில் வரும் அதே சொல்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர்.

மில்லருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1843 மே மாதத்தில், ஸ்கொட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிரிந்தது. உபதேசத்தில் வந்த சண்டையல்ல அது. ஒரு சபைக்குப் போதகரை யார் நியமிப்பது என்பதே பிரச்சினை. அந்த ஊரின் நிலப்பிரபு தனக்குப் பிடித்தவரைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று சட்டம் சொன்னது. சபையார் வேண்டாம் என்று சொன்னாலும் நீதிமன்றம் பிரபுவின் பக்கமே நின்றது. இதைப் பொறுக்கமாட்டாமல் 474 போதகர்கள் வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் சம்பளத்தையும், குடியிருந்த வீட்டையும், ஆலயக் கட்டடத்தையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் அமைத்ததுதான் சுயாதீனத் திருச்சபை. நோர்வேயில்கூட ஆயர்களை 2012 வரை அரசாங்கம்தான் நியமித்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், 1843இல் அவர்கள் எடுத்த அடி எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

அந்தச் சுயாதீனத் திருச்சபையில்தான் மில்லர் ஊழியரானார். நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி சாதாரணமானதல்ல, அதற்காக வீடு வாசலை இழக்கலாம் என்பதைத் தங்கள் வாழ்க்கையில் காட்டியவர்கள் மத்தியில் வளர்ந்த தலைமுறை அது.

அவர் அபர்டீனில் மரிஷல் கல்லூரியிலும், பிறகு எடின்பரோவில் நியூ கொலேஜிலும் படித்தார். போதகராக அபிஷேகம் பெற்று, 1862ஆம் ஆண்டின் கடைசியில் சென்னையில் வந்து இறங்கினார். வயது 24. கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, 1837இல் ஜோன் அண்டர்சன் என்ற மிஷனெரி தொடங்கிய பாடசாலையைக் கவனிப்பது. அண்டர்சனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போகக்கூடாது. பாடசாலை தொடங்கிய கொஞ்சக் காலத்திலேயே, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த இரண்டு பையன்கள் அங்கே படிப்பது தெரியவந்தது. அவர்களை வெளியே அனுப்பும்படி உயர்சாதிப் பெற்றோர் வற்புறுத்தினார்கள். அண்டர்சன் மறுத்துவிட்டார். ஏராளமான பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகினார்கள். அப்படியும் அவர் இசையவில்லை. அந்த அண்டர்சன் 1855இல் காலமானார். மில்லர் வந்து சேர்ந்தபோது பாடசாலை தளர்ந்துபோய் இருந்தது.

மில்லர் அதைக் கல்லூரியாக உயர்த்தினார். பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் வகுப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சில வருடங்களில் அவருக்கு ஓர் உண்மை தெளிவாகிவிட்டது. சென்னையில் ஒவ்வொரு மிஷனும் தனித்தனியே ஒரு சிறு கல்லூரியை வைத்துக்கொண்டு, ஆளும் பணமும் போதாமல் தள்ளாடப்போகிறது. அதற்குப் பதிலாக எல்லாரும் சேர்ந்து ஒரே கல்லூரியை நன்றாக நடத்தினால் என்ன?

இன்று சுலபமாகத் தோன்றும் இந்த யோசனை அன்று சுலபமாக இருக்கவில்லை. அங்கிலிக்கன்களும், மெதடிஸ்டுகளும், பிரெஸ்பிட்டேரியன்களும் ஒரே மேசையில் இராப்போஜனம் எடுக்காத காலம். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் காணிக்கை போடும் சபையார், தங்கள் பணம் தங்கள் சபையின் வேலைக்கே போகவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பாட்டனின் காணியைப் பங்குபோடச் சொன்னால் நம்மில் யாராவது உடனே சரி என்போமா? தன் மிஷன் கட்டிய கல்லூரியின் மேல் மற்றச் சபைகளுக்கும் உரிமை கொடுக்கும்படி மில்லர் தன் சொந்தத் திருச்சபையிடமே வாதாடவேண்டி இருந்தது. 1877இல் அது நடந்தது. சர்ச் மிஷனெரி சங்கமும் வெஸ்லியன் மிஷனெரி சங்கமும் செலவிலும் பொறுப்பிலும் பங்கேற்றன. பிற்பாடு ஸ்கொட்லாந்தின் பழைய திருச்சபையும் வந்து சேர்ந்தது. 1843இல் யாரை விட்டுப் பிரிந்தார்களோ அவர்களோடு சென்னையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள்! கல்லூரியின் பெயரிலிருந்து சுயாதீனத் திருச்சபை என்ற சொல் எடுக்கப்பட்டு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பொதுப் பெயர் வந்தது.

ஒரு நிறுவனத்தைப் பெரிதாக்கும் தலைவர்கள் நிறையப் பேர் உண்டு. அதன் உரிமையைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதன் மூலம் பெரிதாக்கியவர்கள் குறைவு. மில்லர் செய்த காரியங்களில் இதுவே தலையானது என்பது என் எண்ணம். 1915இல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கியபோது பல மிஷன் சங்கங்கள் ஒன்றுசேர்ந்தே அதைத் தொடங்கின. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வேறுபட்ட சபையார் ஒன்றாகக் கூடி நிர்வாகம் செய்து பழகிய அனுபவம் எத்தனையோ வருடமாக அந்த மண்ணில் இருந்தது.

கல்லூரிக்கு உள்ளேயும் அவர் பலருக்கு இடம் கொடுத்தார். வெளியூரிலிருந்து வரும் மாணவர்கள் நகரத்தில் கண்ட கண்ட இடத்தில் தங்கி அல்லற்படுவதைப் பார்த்து விடுதிகள் கட்டுவித்தார். அவற்றுக்குத் தன் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். 1883இல் கல்லூரியின் சஞ்சிகை தொடங்கியது. மாணவர் சங்கங்கள் வளர்ந்தன. படித்து முடித்துப் போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடிவரும் கல்லூரி நாளும், பழைய மாணவர் சங்கமும் ஏற்பட்டன. வழக்கறிஞராகவும், நீதவானாகவும், தாசில்தாராகவும் மாகாணமெங்கும் பரவியிருந்த அந்தப் பழைய மாணவர்களில் அநேகர் இந்துக்கள். ஆனாலும் கல்லூரியைத் தங்களுடையது என்றே பேசினார்கள். 1901இல், மில்லர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குச் சென்னையில் சிலை வைத்தார்கள். ஒரு மிஷனெரிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பது அபூர்வம்.

தமிழாசிரியர் விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். பரிதிமாற்கலைஞர் என்று தன் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் மில்லரின் மாணவர். டெனிசனின் கவிதையில் படகு அன்னம்போலச் செல்லும் அழகை மில்லர் வகுப்பில் வியந்து பேசினாராம். அந்த மாணவர் எழுந்து, கம்பர் அதைப் பல நூறு வருடங்களுக்கு முன்பே பாடிவிட்டார் என்று எடுத்துக்காட்டினாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. பட்டம் பெற்றதும் அவருக்கு மெய்யியல் துறையில் வேலை காத்திருந்தது. அவரோ தமிழ்தான் வேண்டும் என்று கேட்டு அதே கல்லூரியில் தமிழாசிரியரானார். 1898இல் மறைமலையடிகளும் அங்கே தமிழ் கற்பிக்க வந்தார். அவர் உறுதியான சைவர் என்பது நம் யாழ்ப்பாணப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மில்லரை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மிஷனெரிகள் பலர் அவரைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். இவ்வளவு பணமும் ஆளும் போட்டு நடத்தும் கல்லூரியில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்டார்கள். மில்லரின் பதில், கல்வி உடனே அறுவடை தராது. மாவிலே இட்ட புளித்தமாவைப்போல ஒரு சமுதாயத்தின் சிந்தனையை மெல்ல மெல்ல மாற்றும் என்பது. அதைவிடக் கூர்மையான இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள், அதிலும் 1876 முதல் 1878 வரையான பெரும் பஞ்சத்தின்பின், கூட்டம் கூட்டமாகச் சபையை நாடி வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நகரத்து உயர்சாதி இளைஞருக்கு ஆங்கிலக் கல்வி கொடுப்பதில் இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அண்டர்சன் அந்த இரண்டு பையன்களுக்காகப் பாடசாலையையே பணயம் வைத்ததை நினைக்கும்போது, மில்லரின் கல்லூரி அந்தப் பாதையில் போதிய தூரம் நடக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்த அவை பாடம் நடத்தவில்லை. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர், நம்மவர்: சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை செமினறியில் கற்றவர்கள். பட்டம் சென்னையில் கிடைத்தது; படிப்பு வட்டுக்கோட்டையில் கிடைத்தது. (பரீட்சைக்காக மட்டும் படிக்கும் நம்மவரின் பழக்கத்துக்கு அன்றைய ஏற்பாட்டிலும் ஒரு வேர் இருக்கிறது.)

அந்தப் பல்கலைக்கழகத்தை ஆண்டவர்கள் யார்? மாகாண ஆளுநரே வேந்தர். துணைவேந்தரை அரசாங்கம் நியமிக்கும்; அது சம்பளமில்லாத கௌரவப் பதவி. அவர்களுக்குக் கீழே செனற் என்ற பேரவை. அதன் அங்கத்தவர்களையும் அரசாங்கமே நியமித்தது; நியமனம் ஆயுள் முழுவதும் செல்லும். எத்தனை பேர் என்று மேல்வரம்பு இல்லாததால், கல்வியோடு சம்பந்தமே இல்லாத உத்தியோகத்தர்களும் கனவான்களும் மரியாதைக்காக அதில் சேர்க்கப்பட்டார்கள். அன்றாட நிர்வாகத்தை சிண்டிகேற் என்ற சிறு குழு கவனித்தது. கடற்கரையோரம் செனற் மண்டபம் 1879இல் கம்பீரமாக எழுந்து நின்றது. அதற்குள்ளே உட்காருகிறவர்களில் வகுப்பறையை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. வருடா வருடம் மாணவரோடு பழகி, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்த மில்லர் அந்தச் சபையில் நீண்ட காலம் அமர்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் சார்பில் மாகாணச் சட்டசபைக்கும் பல தடவை போனார்.

அரசாங்கத்தோடும் அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. கல்வி முழுவதையும் அரசாங்கமே கையில் வைத்திருக்காது, மக்கள் நடத்தும் பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் உதவிப்பணம் கொடுத்து ஊக்குவிக்கும் என்று 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை வாக்களித்திருந்தது. நடைமுறையில் கல்வித் திணைக்களம் அரசாங்கக் கல்லூரிகளையே போஷித்தது. விதியை எழுதுகிறவரும், பணத்தைப் பங்கிடுகிறவரும், போட்டிக் கல்லூரியை நடத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் மற்றவருக்கு எப்படி நியாயம் கிடைக்கும் என்பது மில்லரின் முறைப்பாடு. அவரைப் போன்றோர் எழுப்பிய கூச்சல் இங்கிலாந்துவரை கேட்டது. 1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் இந்தியக் கல்வி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மில்லரும் அதில் ஓர் அங்கத்தவர். கே. டி. தெலாங், ஆனந்தமோகன் போஸ், சென்னையின் ரங்கநாத முதலியார் போன்ற இந்தியர்களும், ஒரு கத்தோலிக்க யேசு சபைக் குருவும் அதே குழுவில் இருந்தார்கள்.

அரசாங்கம் கல்லூரிகளை நேரடியாக நடத்துவதிலிருந்து படிப்படியாக விலகி, தனியார் முயற்சிக்கு இடம் விடவேண்டும் என்றே ஆணைக்குழு சிபாரிசு செய்தது. ஆனால் மிஷனெரிகள் எதிர்பார்த்த விதத்தில் அல்ல. அரசாங்கம் விட்டுப்போகும் இடம் மிஷன்களுக்குப் போகக்கூடாது, அந்த நாட்டு மக்களே முன்வந்து நடத்தவேண்டும் என்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. அதன்பின் இந்தியர் நடத்தும் பாடசாலைகளும் கல்லூரிகளும் பெருகின. மில்லர் தன் கல்லூரிக்காகத் தட்டிய கதவு, ஊரார் எல்லோருக்குமாகத் திறந்தது என்று சொல்லலாம்.

1884இல் அரசாங்கம் அவருக்குச் சி.ஐ.ஈ. என்ற பட்டம் கொடுத்தது. 1896இல் அவருடைய சுயாதீனத் திருச்சபை அவரைத் தன் பொதுப் பேரவையின் தலைவராகத் தெரிவு செய்தது. அந்தத் திருச்சபையில் தலைவர் பதவி ஒரு வருடத்துக்குத்தான். வருடம் முடிந்ததும் இறங்கிவிடவேண்டும். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி அவர் சிறு நூல்களும் எழுதினார். லியர் அரசனின் கதையை இந்திய அரசியலோடு சேர்த்துப் பேசும் நூல் அவற்றுள் ஒன்று. வயோதிபகாலத்தில் அதிகாரத்தை எப்படிக் கைமாற்றுவது என்று தெரியாமல் குடும்பத்தையும் நாட்டையும் கெடுத்த அரசனின் கதை அது. ஒரு கல்லூரி அதிபர் அந்த நாடகத்தைத் தேடிப் பிடித்து எழுதியது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

1901இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். வந்த காலம் சோதனையான காலம். இராசப்பிரதிநிதி கர்சன் பிரபு இந்தியப் பல்கலைக்கழகங்களைத் திருத்தவேண்டும் என்று புறப்பட்டார். 1902இல் தோமஸ் ரலே என்பவரின் தலைமையில் ஆணைக்குழு போட்டார். முதலில் அதில் இந்து ஒருவர்கூட இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே கல்கத்தா நீதிபதி குருதாஸ் பானர்ஜி சேர்க்கப்பட்டார். அவரும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தன் மாறுபட்ட கருத்தைத் தனியாக எழுதிவைத்தார்.

அதன் பயனாக 1904இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. செனற்றில் இனி 50 பேருக்குக் குறையவும் கூடாது, 100 பேருக்கு மேற்படவும் கூடாது. ஆயுள் நியமனம் போய், ஐந்து வருடத் தவணை வந்தது. பழைய மூன்று பல்கலைக்கழகங்களிலும் 20 பேர் தேர்தலில் வரலாம். சிண்டிகேற்றுக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. பல்கலைக்கழகம் தானே பேராசிரியரை நியமித்துக் கற்பிக்கவும் அனுமதி வந்தது. இவையெல்லாம் வேண்டிய திருத்தங்கள்தான். ஆனால் தேர்தலில் வரும் 20 பேர் போக மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசாங்கத் தரப்பின் நியமனமே. பல்கலைக்கழகம் எழுதும் விதிகளில் அரசாங்கம் கைவைக்கவும் இடம் இருந்தது. சீர்திருத்தம் என்ற பெயரில் பல்கலைக்கழகத்தை அரசாங்கக் கந்தோராக மாற்றுகிறார்கள் என்று கோகலே போன்றவர்கள் எதிர்த்தார்கள். இரு பக்கமும் உண்மை உண்டு. தூங்குகிற சபையை எழுப்பத்தான் வேண்டும். எழுப்புகிற கையே அதன் கழுத்தையும் பிடித்துக்கொண்டால், எழுந்து என்ன பயன்?

இதே நாட்களில் சென்னையில் தமிழுக்கு ஓர் ஆபத்து வந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுத்துவிடும் யோசனை 1902இல் எழுந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் பரிதிமாற்கலைஞரும் பேராசிரியர் பூரணலிங்கம்பிள்ளையும். செனற் அங்கத்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து எடுத்துச் சொன்னார்கள், கட்டுரை எழுதினார்கள், யோசனை கைவிடப்பட்டது. அப்போது துணைவேந்தர் நாற்காலியில் இருந்தவர் மில்லர். பரிதிமாற்கலைஞரோ அவருடைய கல்லூரியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். தன் அதிபரே தலைமை தாங்கும் பல்கலைக்கழகத்தின் யோசனையை அந்த ஆசிரியர் பகிரங்கமாக எதிர்த்தார். அவருடைய வேலை பறிபோகவில்லை. அடுத்த வருடம், 1903இல், காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 33.

செனற் மேசையில் எடுக்கும் ஒரு தீர்மானம் ஓர் ஏழை ஆசிரியரின் அடுப்புவரை எட்டும் என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. மில்லர் போன பிறகு, பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்காமல் விருப்பப் பாடமாக்கியது. தமிழாசிரியருக்கு வேலை குறைந்தது. 1911இல் மறைமலையடிகள் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

மில்லர் 1907இல் நாடு திரும்பினார் என்று தொடக்கத்தில் சொன்னேன். இங்கே கிறிஸ்தியானியாவில் அந்த வருடம் புரொகர் முதல் றெக்டரானபோது, அதே நகரத்தில் வேறொரு கூட்டம் மெனிகெட்ஸ்ஃபக்குல்டேட்டை நிறுவிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர் ஒருவரை அரசாங்கம் நியமித்த விதம் பிடிக்காத சபையார், போதகர்களைப் பயிற்றத் தங்களுக்கென்று சொந்த நிறுவனம் வேண்டும் என்று எழுந்தார்கள். 1908இல் பாடம் தொடங்கியது. தேர்சோவில் மில்லர் சிறுவனாக இருந்தபோது எழுந்த அதே கேள்வி, 60 வருடங்களுக்குப் பிறகு நம் ஊரில்: நியமிக்கிறவர் யார்?

மில்லர் தன் கடைசிக் காலத்தை எடின்பரோவில் கழித்து, 1923 ஜூலை மாதத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 85. அந்த வருடத்தில்தான் சென்னைச் சட்டசபை புதிய சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்திய அமைச்சர்கள் கல்வியைப் பொறுப்பேற்றிருந்த காலம் அது. பரீட்சை வைக்கும் அலுவலகமாக இருந்த பல்கலைக்கழகம், அந்தச் சட்டத்தால் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகத் திருத்தி அமைக்கப்பட்டது.

அவருடைய கல்லூரியில் 1900களின் தொடக்கத்தில் படித்த ஒரு மாணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவரானவர். சுதந்திரம் கிடைத்த மறு வருடம், 1948இல், இந்தியப் பல்கலைக்கழகங்களை எப்படி நடத்தவேண்டும் என்று ஆராயும் ஆணைக்குழுவுக்கு அவரே தலைவரானார். துணைவேந்தர் பதவி கௌரவப் பதவியாக இருக்கக்கூடாது, முழுநேர வேலையாக இருக்கவேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. பல்கலைக்கழகங்கள் அரசாங்கத்தின் பிடிக்குள் அகப்படாமல் இருக்கவேண்டும் என்றும் வற்புறுத்தியது. மில்லர் காலத்துச் செனற்றை அறிந்தவர்களுக்கு, எந்த நோய்க்கு இந்த மருந்து என்று தெரியும்.

கல்லூரி 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குப் போனது. அங்கேதான் 1938இல் உலக மிஷனெரி மாநாடு கூடியது. இவ்வளவும் ஆனபின்பும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. சபைகளோடு பொறுப்பைப் பகிர்ந்த மில்லரின் கல்லூரியில், அதிபர் நாற்காலி மாத்திரம் ஐரோப்பியரின் கையிலேயே இருந்து வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 15 வருடமாகியும் நிலைமை அதுதான். 1962இல், மில்லர் சென்னையில் இறங்கி நூறு வருடம் ஆனபோது, அந்தக் கல்லூரியின் பழைய மாணவரும் சரித்திரப் பேராசிரியருமான சந்திரன் தேவநேசன் அதன் முதல் இந்திய அதிபரானார். பின்னர் ஷில்லோங்கில் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் துணைவேந்தராகவும் அவரையே அழைத்தார்கள்.